நான்காவது டிரம்மில் தெளிந்த தண்ணீர்

செய்யாத குற்றத்துக்காக ஒரு மனிதரை வேலையிலிருந்து நீக்க வைத்தவன் நான். அவர் பெயர் செல்வராஜ். குற்றம் என்று நான் எழுதிக் கொடுத்தது இது: மழைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தார்.

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். சம்பந்தப்பட்டவரே இப்போது இதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை.

சென்ற வாரம் இதே பத்தியில், வலியசாலையில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் தீய்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "எல்லாத் தப்பையும் சமையல்காரரே செய்தாரா? நீங்கள் வாழ்க்கையில் தப்பே செய்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். செய்திருக்கிறேன் அம்மா. இதோ.

நான்கு டிரம்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மாதம். திருவனந்தபுரத்து ஐப்பசி மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும். மூன்று மணிக்கு இடி. நாலு மணிக்குச் சாலைக்கடைத் தெருவில் குடையில்லாதவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கடைக்குள் ஏறி நின்று, வாங்கப்போகாத சாமானுக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் அப்போது நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு விவசாயப் பண்ணையில் மண் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி. மழை பெய்தால் நிலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் ஓடிப் போகிறது, போகும்போது எவ்வளவு மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது என்று அளப்பதுதான் வேலை.

அதற்காகக் குன்றின் சரிவில் நான்கு துண்டு நிலங்களைப் பிரித்திருந்தோம். வெளித் தண்ணீர் உள்ளே வராதபடி சுற்றிலும் தகரம் புதைத்திருந்தது. நான்கிலும் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. ஒன்றும் இரண்டும் லேசான சரிவு. நடந்தால் சரிவென்றே தெரியாது. மூன்றும் நான்கும் ஏறும்போது முழங்காலில் கையை ஊன்ற வேண்டிய சரிவு. ஒன்றும் மூன்றும் பெருக்கித் துடைத்த வெறும் மண். இரண்டிலும் நான்கிலும் போன அறுவடையின் மிச்சமெல்லாம் பரப்பியிருக்கும்: வாழைச் சருகு, மரச்சீனி இலை, அறுத்துப் போட்ட புல்.

ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒரு தகரப் பெட்டி. அதில் வரிசையாக ஒன்பது வாய்கள். நடு வாயிலிருந்து விழும் தண்ணீர் மட்டும் டிரம்முக்குப் போகும். மற்ற எட்டும் வெளியே, தோடு என்கிற ஓடைக்கு. டிரம்மில் இருப்பதை ஒன்பதால் பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும்.

"ஒம்பதுல ஒண்ணு சர்க்காருக்கு, மிச்சம் எட்டும் தோட்டுக்கு. நம்ம நாட்டு நடப்பு அப்பிடியே தலைகீழாட்டுல்லா இருக்கு, சாரே" என்பார் செல்வராஜ்.

அந்த டிரம்களைத் தினமும் காலை எட்டு மணிக்கு மரஸ்கேலால் அளந்து, நோட்டில் எழுதி, கலக்கி ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து, மீதியைக் கொட்டுவது அவருடைய வேலை. பாறசாலைப் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும். தினக்கூலி ஆள்தான், ஆனால் நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலை நம்பித்தான் பொன்னையன் என்பவர் தன் மகள் ஞானத்தை ஆவணி மாதம் அவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு மாதம்.

இனி அந்தக் காலை.

முந்தின நாள் நல்ல மழை. நான் ஜீப்பில் போய் இறங்கினேன். ஒன்றாம் டிரம் நிரம்பி வழிந்திருந்தது, பால் விட்ட டீ நிறத்தில். இரண்டாம் டிரம்மில் அடியில் கொஞ்சம். மூன்றாம் டிரம் செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போல, கையை விட்டால் விரல் தெரியாது. நான்காவதை எட்டிப் பார்த்தேன். நாலு விரற்கடைத் தண்ணீர். தெளிவாக. டிரம்மின் அடியில் இருந்த துருப் புள்ளிகளை எண்ணலாம்.

"செல்வராஜே, இது என்ன?"

"நாலாவது டிரம், சாரே."

"அது தெரியறது. இதுல ஏன் இத்தனூண்டு?"

"அம்புட்டுதான் வந்தது."

"ஒண்ணாம் நம்பர் சமதரை மாதிரி கெடக்கு, அது ரொம்பி வழியறது. இது மலை. இதுல நாலு விரக்கடை. மீதித் தண்ணியெல்லாம் மலை மேல ஏறிப் போயிடுத்தோ?"

"அது எனக்கு அறியாது, சாரே. இருக்கத அளந்து எழுதுகேன்."

டிரம்முக்குப் பதினைந்தடி தள்ளி ஒரு கிணறு. கயிறு நனைந்திருந்தது. வாளியும் நனைந்திருந்தது. எனக்குள் ஒரு பெரிய துப்பறிவாளன் எழுந்து நின்றான்.

"காலம்பற கெணத்துல எறைச்சியா?"

"குளிச்சேன், சாரே."

"குளிச்சானாம்!" என்றேன் ஜீப் டிரைவரைப் பார்த்து. டிரைவர் சிரித்தார். அதிகாரி சிரிப்பதற்காகச் சொன்னால் டிரைவர் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

நான் கட்டிய கதை இது: டிரம்மைத் தட்டிவிட்டார், தண்ணீர் கொட்டிவிட்டது, பயந்துபோய்க் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினார். பயந்து ஊற்றுகிறவன் நிறைய அல்லவா ஊற்றுவான், நாலு விரற்கடையா ஊற்றுவான்? அது எனக்குத் தோன்றவில்லை. நோட்டைப் புரட்டினேன். அந்த மழைக்காலம் முழுவதும் நான்காவது டிரம் அப்படியேதான் இருந்திருக்கிறது. ஒரே மாதிரி பல வாரம் வந்தால் அது உண்மையாக இருக்கலாமே என்று நினைக்கவில்லை. பல வாரமாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன்.

செல்வராஜ் ஒன்றே ஒன்று கேட்டார். "சாரே, இண்ணைக்கும் மூணு மணிக்கு மழ வரும். நீங்க கூட இருந்து பாருங்க. பொறவு என்ன வேணும்னாலும் எழுதுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அவர் பிடித்துவைத்திருந்த பாட்டிலைத் திறந்து, அந்தத் தெளிந்த தண்ணீரைப் புல்லில் கொட்டினேன். சாட்சியைக் கொட்டுகிறேன் என்று அப்போது தெரியாது. மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினேன். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. மறுவாரம் ஆளும் போனார். அன்று மூன்று மணிக்கு, அவர் சொன்னபடியே, மழை பெய்தது.

விடையிலிருந்து பின்னோக்கி

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. சாக்காகச் சொல்லவில்லை.

கல்லூரியில் எங்களுக்கு ஊசல் பரிசோதனை ஒன்று இருந்தது. ஒரு குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி, நேரம் பார்த்து, புவியீர்ப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். புவியீர்ப்பு எவ்வளவு என்பது புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு ஆட்டுவது? நாங்கள் அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, குண்டு எத்தனை நொடியில் ஆடியிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போவோம். உண்மையாகவே ஆட்டிப் பார்த்த ஒருவன் இருந்தான். அவனுக்கு மட்டும் விடை தப்பாக வந்து மதிப்பெண் குறைந்தது. எனக்கு முழு மதிப்பெண்.

அப்படிப் படித்து முதல் வகுப்பில் தேறியவனிடம் நான்கு டிரம்களை ஒப்படைத்தால் என்ன ஆகும்?

புத்தகத்தில் நான் படித்தது இது: சரிவு கூடினால் தண்ணீர் வேகமாக ஓடும், உள்ளே இறங்க நேரமிருக்காது, ஆகவே அதிகம் ஓடும். அது பொய்யில்லை. சருகு பரப்பினால் ஓட்டம் குறையும் என்றும் படித்திருந்தேன். ஆனால் சரிவுதான் எஜமான், சருகு வேலைக்காரன் என்று மனதில் வரிசை போட்டிருந்தேன். லேசான சரிவில் இருந்த இரண்டு துண்டுகளும் கொஞ்சம், செங்குத்தில் இருந்த இரண்டும் அதிகம். வெளியூரிலிருந்து வரவிருந்த மேலதிகாரிக்காக அந்த வரிசையில் ஒரு படமும் வரைந்து, வண்ண மையில் நிழல்கூடக் கொடுத்து வைத்திருந்தேன்.

செல்வராஜின் எண்களில் ஒன்றும் நான்கும் இடம் மாறி நின்றன. படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஆளை மாற்றுவது சுலபமாகத் தோன்றியது.

எனக்குப் பிடித்த எண்கள்

அவருக்குப் பதிலாக வந்தவர் கெட்டிக்காரர். இரண்டே வாரத்தில் எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டார். அவர் காலத்தில் நான்காவது டிரம் ஒருநாள்கூட என் மனதை நோகடித்ததில்லை. நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். "பார்த்தியா, நல்ல ஆள் வந்தா எல்லாம் சரியா வரது" என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன்.

"அந்த ஆள் எழுதறதும் நீங்க நினைக்கறதும் எப்படின்னா தினம் ஒண்ணா இருக்கும்? நம்ம ரெண்டு பேருக்கே ஒருநாளும் ஒத்துப்போறதில்லையே" என்றாள் என் மனைவி காமாட்சி, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே. எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வரும்.

சில வருடங்கள் கழித்து, அந்தச் சோதனையின் கடைசி மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கெட்டிக்காரர் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். வேறு ஆள் இல்லாததால் நானே போனேன். காலையில் நான்கு டிரம்களையும் என் கையால் கவிழ்த்துக் காலி செய்தேன். பொட்டலத்தில் கட்டிக்கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு மழை பிடித்தது. கருவிகள் வைக்கும் கொட்டகையில் ஒதுங்கினேன். ஒரு மணி நேரம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப்போய்ப் பார்த்தேன்.

ஒன்று: வழிகிறது. பால் விட்ட டீ. மூன்று: வழிகிறது. செங்கல். இரண்டு: அடியில் கொஞ்சம்.

நான்கு: நாலு விரற்கடை. துருப் புள்ளிகளை எண்ணலாம்.

சுற்றிலும் பார்த்தேன். பண்ணையில் ஒரு ஈ காக்கை இல்லை. கிணற்று வாளி உள்ளே, கொட்டகையில், என் காலடியிலேயே இருந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை யாராவது ஊற்றியிருந்தால் அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

சரிவில் ஏறி, சருகைக் கையால் விலக்கிப் பார்த்தேன். கீழே மண் பொதபொதவென்று இருந்தது, விரல் முழுசாக உள்ளே போயிற்று. மண்புழு நெளிந்தது. பக்கத்துத் துண்டில், வெறும் மண்ணில், விரலை வைத்தேன். மேலே மெழுகு பூசினது போல ஒரு படலம், நகம்தான் வலித்தது. மழைத்துளி வெறும் மண்ணில் நேராக அடித்து, மண்ணை நொறுக்கி, அந்தப் பொடியாலேயே துவாரங்களை அடைத்துவிடுகிறது. அப்புறம் தண்ணீர் இறங்க வழியில்லை, ஓடுகிறது. லேசான சரிவு போதும் அதற்கு. சருகின் மேல் விழுகிற துளிக்கு அந்த அடி போய்விடுகிறது. ஒவ்வொரு இலையிலும் தங்கித் தங்கி, வழி கேட்டுக் கேட்டு, மெதுவாக மண்ணுக்குள் போகிறது. செங்குத்துக்கு அதை அவசரப்படுத்த முடியவில்லை. மூன்று நாள் விடாமல் அடித்தால் அங்கேயும் தண்ணீர் ஓடத்தான் செய்யும். ஆனால் மண் போகாது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். மண்ணில் விரலை வைத்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து காமாட்சியிடம் சொன்னேன். "அந்த மனுஷன் எங்க இருக்கார்னு கண்டுபிடிச்சு, போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள்.

போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதி, அவர்மேல் தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரண்டு வரியில் மலையாளத்தில் பதில் வந்தது: மேற்படி பைல் கிடைக்கவில்லை.

சாலைக்கடையில் ஒரு வாளி

செல்வராஜ் சாலைக்கடைத் தெருவில், கயிறும் வாளியும் பிளாஸ்டிக் டிரம்மும் விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்தது. டிரம்! விதிக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

காமாட்சியும் நானும் போனோம். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். காய் சுக்கலாகச் சிதறியது, நல்ல சகுனம். ஆனாலும் கடை வாசலை மூன்று தடவை கடந்து போனேன். நாலாவது தடவை காமாட்சி என்னை விட்டுவிட்டு நேராக உள்ளே போனாள். ஒரு வாளியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். வேறொன்றைத் தட்டிப் பார்த்தாள். வாளி வாங்கி முடித்த பிறகு, "எங்காத்து மாமா வெளியில நிக்கறார். உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம், பயமா இருக்காம்" என்றாள். தெருவுக்கே கேட்டது.

செல்வராஜ் வெளியே வந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"என்ன சாரே, டிரம்மா வேணும்? சின்னதா, பெருசா?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கள்ளம் சொல்லல்லன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும். இப்பம் ஒங்களுக்கும் தெரிஞ்சாச்சு. ஒரு ஆளுக்குத்தான் இன்னும் தெரியாது" என்றார்.

"யாரு?"

"எனக்க மாமனாரு. இத்தன வருசமா அந்த மனுசன் என்ன பேர் சொல்லி விளிச்சதில்ல. 'கெணத்து வெள்ளம் வந்தானா? கெணத்து வெள்ளம் சாப்பிட்டானா?' ஊர்ல எல்லாரும் அப்பிடியே விளிக்க ஆரம்பிச்சாச்சு. எனக்குப் பழகிப்போச்சு சாரே. ஞானத்துக்குப் பழகல்ல. அப்பன் வீட்டுல அவ இன்னைக்கும் ஒரு வாய் சோறு உண்ணமாட்டா. நீங்க அங்க வந்து சொன்னா மதி."

வெள்ளம் என்றால் அவர்கள் பக்கத்தில் தண்ணீர்; மதி என்றால் போதும். வேலை கேட்கவில்லை. வேறெதுவும் கேட்கவில்லை.

பொன்னையன் விளை

அமரவிளை தாண்டி உள்ளே போனால் அந்த நிலம். அங்கே தோட்டத்தை விளை என்பார்கள். பொன்னையனுக்கு அப்போது என் வயது இருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு தெம்பு. லேசான சரிவில் அவருடைய மரச்சீனி விளை. ஈர்க்கு வாரியலால் பெருக்கி, கோயில் பிராகாரம் போல வைத்திருந்தார். ஒரு சருகு விழுந்தால் பொறுக்க மாட்டார். அதற்கு மேலே செங்குத்தாக ஒரு துண்டு. எதற்கும் உதவாது என்று அதை மகளுக்குக் கொடுத்திருந்தார். செல்வராஜும் ஞானமும் அதில் கண்டதையெல்லாம் போட்டு மூடி, வாழையும் மரச்சீனியும் வைத்திருந்தார்கள். பார்த்தால் குப்பைமேடு.

நான் என் குற்றத்தை அவர் முன்னால் சொன்னேன். ஞானம் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொன்னையன் முழுக்கக் கேட்டுவிட்டு மருமகனிடம் திரும்பினார்.

"கொள்ளாமே, நல்ல கத! பத்து வருசம் கழிஞ்சு ஒரு சாமிய விளிச்சுட்டு வந்து பொய் சொல்ல வைக்கியா?"

"நான் சொல்றது நிஜம். இதே நிலத்துல அளந்து காட்டட்டுமா?" என்றேன்.

"அளந்து காட்டும். கீழ உள்ளது எனக்க விளை, மேல உள்ளது அவனுக்க குப்ப. எது கூடுதல் வெள்ளம் விடுதுன்னு பாப்போம். மலையில ஓடாத வெள்ளம் மட்டத்துல ஓடும்னா, எனக்க மீசைய எடுத்துக் கையில தாறேன்."

மீசை பெரிய மீசை. பேச்சு முடிந்தது.

சாலைக்கடையிலிருந்து இரண்டு டிரம் வந்தது. இரண்டு நிலத்திலும் ஒரே அளவில் துண்டு பிரித்து, தகரம் நட்டு, குழாய் வைத்தோம். மண்வெட்டி பிடித்தது செல்வராஜ். மட்டம் பிடித்தது நான். "சாரே, ஸ்கேல நேரே பிடியுங்க. கள்ளக்கணக்கு எழுதீராதீங்க" என்று நடுவில் சொல்வார். நான் சிரிப்பேன். சிரிக்கலாம் என்று அவர்தான் அனுமதி கொடுத்திருந்தார்.

முதல் நல்ல மழை பெய்த மறுநாள், தம்பானூரிலிருந்து முதல் பஸ் பிடித்து எட்டு மணிக்குள் போய்விட்டேன். வழியெல்லாம் சேறு. கிணற்றடியில் ஒரு வாளி இறைத்துக் காலைக் கழுவிக்கொண்டு டிரம்களைப் பார்க்கப் போனேன். கீழ் விளை டிரம் வழிகிறது, டீ. மேல் டிரம்மில் மூன்று விரற்கடை, தெளிவு. எனக்கு ஒரே சந்தோஷம். கூவிப் பொன்னையனை அழைத்தேன்.

அவர் வந்து மேல் டிரம்மை எட்டிப் பார்த்தார். மீசையைத் தடவினார். திரும்பிக் கிணற்றைப் பார்த்தார்.

"ஓய் சாமி, கயிறு நனஞ்சிருக்கே?"

"கால் கழுவினேன்."

"கால் கழுவினாராம்!" என்றார் வேலிக்கு அப்புறம் நின்ற ஞானத்தைப் பார்த்து. "இது கெணத்து வெள்ளமாக்கும். சாமி கோரி ஊத்தியிருக்காரு!"

நான் ஊற்றவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை எப்படிக் காட்டுவது? பத்து வருடங்களுக்கு முன் ஒரு காலை எட்டு மணிக்கு ஒரு மனிதர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. வேலிக்கு அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. ஞானம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். செல்வராஜ் வாழையடியில் உட்கார்ந்தே விட்டார், சிரிப்பு தாங்காமல்.

"நல்லா வேணும் சாரே!" என்றார். "ஒங்களுக்கு நல்லா வேணும்!"

ஒரு குடை, இரண்டு கிழவர்கள்

"பொன்னையன், இன்னிக்கும் மூணு மணிக்கு மழை வரும். நீங்க கூட இருந்து பாருங்கோ. பொறவு என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ" என்றேன். அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. செல்வராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் அன்று சொன்ன பதிலைப் பொன்னையன் சொல்லவில்லை. "இருப்போமே, எனக்கு என்ன?" என்றார்.

டிரம்களைக் கவிழ்த்தோம். கிணற்று வாளியைப் பொன்னையன் எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் பூட்டினார். மூன்று மணிக்கு, இரண்டு டிரம்மும் தெரிகிற இடத்தில், ஒரு கல்லின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். என்னிடம் இருந்தது ஒரு குடை. ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது.

பத்து நிமிடத்தில் அவருடைய குழாய் கொட்ட ஆரம்பித்தது. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. மருமகனுடைய குழாயில் ஒன்றுமில்லை. மழை வலுத்தது. அவருடைய டிரம் பாதி. மேலே ஒன்றுமில்லை.

"குழாய் அடச்சிருக்கும்" என்றார். எழுந்து போய்க் குச்சியை விட்டுக் குடைந்தார். அடைக்கவில்லை. நனைந்து வந்து உட்கார்ந்தார்.

அவருடைய டிரம் வழியத் தொடங்கிய பிறகுதான் மேல் குழாயிலிருந்து ஒரு நூல் மாதிரித் தண்ணீர் இறங்கியது. பொன்னையன் போய்க் கையில் ஏந்திப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு கீழே போய், வழிகிற சிவப்புத் தண்ணீரைக் கையில் ஏந்தினார். அது விரலிடுக்கில் வடிந்த பிறகு உள்ளங்கையில் மண் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எனக்க மண்ணாக்கும்" என்றார். அப்போது அவர் குரலில் கேலி இல்லை.

மழை விட்டது. கீழ் குழாய் உடனே நின்றுபோயிற்று. மேலே அந்த நூல் இன்னும் நெடுநேரம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குடைக்குள் திரும்பி வந்தார். மழை இல்லாத நேரத்தில் ஏன் குடைக்குள் உட்கார்ந்தோம் என்று தெரியவில்லை.

"ஓய் சாமி."

"சொல்லுங்கோ."

"ஒரு மணிக்கூர். ஒரே ஒரு மணிக்கூர். அண்ணைக்கு ஒரு குடைய எடுத்துட்டுப் போயி இவனுக்க பக்கத்துல இருக்க ஒமக்குத் தோணல்லியா?"

"தோணல்லை" என்றேன்.

"எனக்கும் தோணல்ல" என்றார். எழுந்து வேலிப்பக்கம் போனார். "மக்கா, செல்வராஜே! இங்க வா. இந்தச் சருகுல கொஞ்சம் எனக்க விளைக்கும் தருவியா?"

ஞானம் அழுதாளா சிரித்தாளா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அப்பன் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்த் துவையலும் அப்பன் வீட்டு அடுக்களையிலிருந்தே வந்தன. எங்களுக்கு வைத்துவிட்டு, அவளும் ஒரு தட்டுடன் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மீசை போகவில்லை. "கெழவனுக்கு மீச போனா எடுத்து ஒட்டவா முடியும்?" என்று செல்வராஜே மன்னித்துவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் பொன்னையன் விளையும் குப்பைமேடாகியிருந்தது. வாரியல் முற்றத்தோடு நின்றுகொண்டது.

இழந்த வேலையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, முடியவும் இல்லை. செல்வராஜ் இன்னும் சாலைக்கடையில்தான் இருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது, "எழுதுங்க. கணக்க மட்டும் மாத்திராதீங்க" என்றார்.

அந்தப் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெயர்கள் ஊரில் சும்மா அழிந்துபோவதில்லை. போன மாதம் அமரவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முச்சந்தியில் நின்ற ஒருவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாகவே:

"யாருன்னு அறியாதா? இதாக்கும் நம்ம கெணத்து வெள்ளம் சாமி."

குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன்.